செஞ்சிக் கோட்டையில் காமிரா பரீட்சை! பத்திரிகைக்குப் படம் எடுக்கப் பழகும் மாணவர்கள் எங்கே தேறுகிறார்கள், எங்கே 'கோட்டை' விடுகிறார்கள்?

செஞ்சி:

திண்டிவனத்தில் ஏறி திருவண்ணாமலை பஸ்சில் உட்கார்ந்தால், செஞ்சி ஊர் தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கோட்டை. வலது பக்கம் கிருஷ்ணகிரி. இடது பக்கம் ராஜகிரி. பஸ் ஜன்னல் வழியாகச் செல்போனை நீட்டி ஒரு 'கிளிக்' அடிக்காத வெளியூர்ப் பயணி குறைவு.

அந்தப் படம் வீட்டில் காட்ட ஆகும். பத்திரிகைக்கு ஆகுமா?

இந்தக் கேள்வி இப்போது செஞ்சியில் வெறும் பேச்சு இல்லை. 2025-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி பாரீஸ் நகரில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில், மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில் 12 கோட்டைகள் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயின. அதில் 11 மகாராஷ்டிராவில் உள்ளவை. மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி!

உலகப் பட்டியலில் பெயர் ஏறினால், படம் கேட்டு ஆள் வரும். பத்திரிகை கேட்கும். சுற்றுலாப் புத்தகம் கேட்கும். இணையதளம் கேட்கும். காமிரா பிடிக்கப் பழகும் மாணவருக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் காமிரா பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பக்கம் போடவும் தெரிந்திருக்க வேண்டும். பல பேர் சறுக்குவது அங்கேதான்.

மூன்று கேள்வி

பத்திரிகை ஆபீசில் படத்தைக் கையில் வாங்கியதும் "ஆகா, அழகு!" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கம் போடுகிறவர் கேட்பது மூன்றே கேள்வி.

தலைப்பை எங்கே வைப்பது?

இது எந்த இடம், யார் இவர்?

இதற்கு அடுத்த படம் எங்கே?

மூன்றுக்கும் பதில் இருந்தால் படம் அச்சுக்குப் போகும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் மேஜை டிராயருக்குள் போய்விடும். இந்த மூன்று கேள்விக்கும் மாணவரைத் தயார் செய்ய செஞ்சி மலையைப் போல ஒரு வாத்தியார் கிடையாது.

வெறும் இடம்

முதல் கேள்வி, தலைப்பு.

சாதாரணமாகப் படம் எடுப்பவர் என்ன செய்கிறார்? ராஜகிரி மலையைக் காமிராச் சட்டத்துக்குள் மேலிருந்து கீழ் வரை 'டைட்'டாக அடைத்துவிடுகிறார். மலை உச்சி மேல் விளிம்பைத் தொடுகிறது. சுவர் இரண்டு பக்கமும் முட்டுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அட்டைப் படத்துக்கு வைத்தால்? பத்திரிகையின் பெயரை மலை உச்சியின் மேலேயே அச்சடிக்க வேண்டியதுதான்!

அட்டைக்கு என்றால் காமிராவை நிமிர்த்திப் பிடித்து நெட்டாக எடுக்க வேண்டும். மேலே வானத்தை மூன்றில் ஒரு பங்காவது காலியாக விட வேண்டும். அந்த வெறும் வானத்தில்தான் பெயர் உட்காரும். உள்ளே இரண்டு பக்கம் விரியும் படம் என்றால் வேறு கணக்கு. முக்கியமான பொருள் நட்ட நடுவில் இருக்கக் கூடாது. எட்டு அடுக்குக் கல்யாண மகாலை நடுவில் வைத்து எடுத்தால், அது சரியாகப் பக்க மடிப்புக்குள் விழும். பின் அடித்த இடத்தில் மகால் இரண்டாகப் பிளந்துவிடும்.

அளவிலும் கணக்கு உண்டு. ஏ-4 தாள் அளவுள்ள ஒரு பக்கத்தை நல்ல அச்சில் முழுசாக நிரப்ப, ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அகலத்தில் 2,480, உயரத்தில் 3,508. பெருக்கினால் சுமார் 87 லட்சம் புள்ளி. இரண்டு பக்கம் விரித்துப் போட 1 கோடியே 74 லட்சம். இன்றைய காமிராக்களும் நல்ல செல்போன்களும் இதைக் கொடுத்துவிடும். ஆனால் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா தட்டி அனுப்பினால் வழியிலேயே சுருங்கிப் போகும். ஆபீசில் திறந்து பெரிசு பண்ணினால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஃபைலாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் இமெயிலில் அனுப்ப வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போன வாய்ப்புகள் எத்தனையோ.

கல்யாண ஆல்பம்

"எங்களுக்கு டிசைன் எல்லாம் தெரியும்" என்று சிற்றூர் ஸ்டூடியோ பையன்கள் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. 12 அங்குலம் உயரம், 36 அங்குலம் அகலத்தில் கல்யாண ஆல்பம் பக்கங்களை ராத்திரி பகலாக கம்ப்யூட்டரில் கோத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். கைவேகத்தில் பட்டணத்துக் கல்லூரி மாணவரையே தூக்கிச் சாப்பிடுவார்கள்.

ஆனால் ஆல்பம் வேறு, பத்திரிகை வேறு. ஆல்பத்தைப் பார்க்கிறவர் அந்த வீட்டுக்காரர். மாப்பிள்ளை யார், அத்தை யார் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஒரே பக்கத்தில் 9 முகம் இருந்தாலும் ஒவ்வொன்றையும் தேடிப் பார்ப்பார். பத்திரிகையைப் புரட்டுகிறவர் மூன்றாம் மனுஷர். பஸ்சில் நின்றுகொண்டு புரட்டுவார். ஒரு நொடியில் கண் நிற்காவிட்டால் அடுத்த பக்கம் போய்விடுவார். அங்கே 9 படம் ஆகாது. ஒரு பெரிய படம், அதற்குத் துணையாக இரண்டு மூன்று சின்னப் படம். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் எதுவும் கண்ணில் நிற்காது.

பூ வேலை, மின்னும் எழுத்து, பின்னால் பறக்கும் புறா, இதெல்லாம் ஆல்பத்துக்கு. செஞ்சி மலை மேல் இல்லாத மேகத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டி செய்திப் பத்திரிகைக்கு அனுப்பினால், அதற்குப் பெயர் டிசைன் இல்லை. பொய்!

தமிழ் எழுத்து

பக்கம் போடப் படிக்கும் மாணவர்களுக்குப் பாடப் புத்தகம் பெரும்பாலும் இங்கிலீஷில்தான். அதில் உள்ள அளவுகளை அப்படியே தமிழுக்கு வைத்தால் தலைவலிதான்.

தமிழ்ச் சொல் நீளம். 'செஞ்சிக்கோட்டையிலிருந்து' என்று ஒரே சொல்லாக எழுதினால், ஒல்லியான பத்தியில் ஒரு வரியையே அது முழுங்கிவிடும். வரியை இரண்டு பக்கமும் சமமாக நிறுத்தப் பார்த்தால் சொல்லுக்கு நடுவே பொந்து பொந்தாக வெள்ளை விழும். 'கிருஷ்ணகிரி' என்று எழுதினால் எழுத்துக்கு மேலேயும் சுழி, கீழேயும் சுழி. வரிக்கு வரி இடம் தாராளமாக விடாவிட்டால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் இடித்துக்கொள்ளும். ஆகவே தமிழ்ப் பக்கத்துக்குப் பத்தியும் அகலமாக வேண்டும், வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். அதற்குத் தகுந்தாற்போல் படத்தில் வெறும் இடமும் கூடுதலாக வேண்டும்.

தமிழ் எழுத்தையே ஓவியமாக்கிக் காட்டியவர் ஓவியர் கே.எம்.ஆதிமூலம். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர். சிறு பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அவர் எழுதிக் கொடுத்த தலைப்பு எழுத்துகள் தனி அடையாளம். 2008-ல் காலமானார். பக்கம் போடப் பழகுகிறவர்கள் பழைய புத்தகக் கடையில் அவர் செய்த அட்டைகளைத் தேடிப் பார்த்தால், காசு கொடுக்காமல் ஒரு பாடம் கிடைக்கும்.

காலையா, மாலையா?

வெளிச்சம் தெரியாமல் செஞ்சிக்கு வருகிறவர் ஏமாந்து போவார்.

ராஜகிரி மேற்குப் பக்கம். ஊரும் ரோடும் அதற்குக் கிழக்கே. காலை வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து மலையின் முகத்தில் விழும். பாறையின் மடிப்பு, சுவரின் வளைவு எல்லாம் பளிச்சென்று தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலை கறுப்பு உருவமாகத்தான் வரும். உருவம் மட்டும் வேண்டுமென்றால் மாலை. கல்லும் சுவரும் வேண்டுமென்றால் காலை. உச்சி வெயிலில் பாறை வெளுத்துப் போகும். முகத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். அந்த நேரத்தைக் களஞ்சியம், மண்டபம், மசூதி என்று நிழல் உள்ள இடங்களுக்கு ஒதுக்கலாம்.

விடியற்காலையில் கோட்டை வாசல் திறந்திருக்காது. ஆகவே உதயத்தை எடுக்க நினைப்பவர் ரோட்டோரத்திலோ வயல் வரப்பிலோதான் நிற்க வேண்டும். மலை ஏற எத்தனை மணி வரை விடுவார்கள் என்பதை டிக்கெட் கொடுக்கும் இடத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படி செங்குத்து. உச்சிக்குக் கிட்டே கிடுகிடு பள்ளத்தின் மேல் ஒரு பாலம் உண்டு. காமிராவைக் கண்ணில் வைத்துக்கொண்டே பின்னால் ஒரு அடி வைக்கிற பழக்கம் இங்கே ஆபத்து!

இன்னொரு எச்சரிக்கை, குரங்கு. கையில் பை இருந்தால் தின்பண்டம் என்று நினைத்துவிடும். லென்சைக் கழற்றி மாட்டும்போது பையைத் திறந்து வைத்தால் போச்சு.

பெயர் மாறினால்...

இரண்டாவது கேள்வி, எந்த இடம், யார் இவர்?

படத்துக்கு அடியில் போடும் ஒரு வரி. அதை எழுத வேண்டியவர் படம் எடுத்தவர்தான். இந்த ஒரு வரியில் செஞ்சி வைக்கும் கண்ணி கொஞ்ச நஞ்சம் இல்லை.

படத்தை 'கிருஷ்ணகிரி' என்று மட்டும் எழுதி அனுப்பினால், ஆபீசில் உள்ளவர் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று போட்டுவிடலாம். 'சந்திரகிரி' என்று எழுதினால் ஆந்திராவில் உள்ள சந்திரகிரிக் கோட்டை ஆகிவிடும். 'ராஜகிரி' என்று எழுதினால் மகாராஷ்டிராவின் ராஜ்கட், ராய்கட் கோட்டைகளோடு குழம்பும். அவை இரண்டும் இதே யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை என்பதால் குழப்பம் இரட்டிப்பு. ஊர்க்காரர்கள் ராஜகிரியை 'ராஜா கோட்டை', கிருஷ்ணகிரியை 'ராணி கோட்டை' என்பார்கள். நாலு பெயரையும் தெரிந்துவைத்துக்கொண்டு, "செஞ்சிக் கோட்டை, விழுப்புரம் மாவட்டம்" என்று கூடவே சேர்க்க வேண்டும்.

அடுத்த கண்ணி இன்னும் பெரிசு. "தேசிங்கு ராஜா கட்டிய கோட்டை" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. தெருக்கூத்தும் கதைப்பாட்டும், எம்.ஜி.ஆர். நடித்து 1960-ல் வந்த 'ராஜா தேசிங்கு' படமும் அந்தப் பெயரை மக்கள் மனசில் ஆழமாகப் பதித்துவிட்டன. ஆனால் தேசிங்கு கோட்டையைக் கட்டவில்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரிட்டு 1714-ல் மடிந்த இளைஞர் அவர். அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே கோட்டை இருந்தது. முதலில் அரண் கட்டியவர் ஆனந்தக் கோன் என்பது வழிவழியாக வரும் வரலாறு. பிறகு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள். இன்று படம் எடுக்க எல்லோரும் ஓடும் கல்யாண மகால், களஞ்சியம், வேங்கடரமணர் கோவில் எல்லாம் நாயக்கர் காலத்தோடு சேர்ந்தவை.

யுனெஸ்கோ பட்டியலின் பெயரைப் பார்த்து "மராட்டியர் கட்டிய கோட்டை" என்று எழுதினாலும் தப்பு. 1649-ல் பீஜப்பூர் சுல்தான் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி பிடித்துப் பலப்படுத்தினார். 1698-ல் முகலாயர் கைக்குப் போனது. ஆக மராட்டியர் கையில் இருந்தது 21 வருஷம். அதற்குப் பிறகு 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். இத்தனை பேர் கை மாறிய கோட்டையை ஒரே ஆள் பெயரில் பட்டா போட முடியுமா?

ஒரு தப்பு வரி அச்சேறினால் அதோடு போகாது. இன்னொருவர் அதைப் பார்த்து எழுதுவார். அவரைப் பார்த்து மற்றொருவர். கடைசியில் செஞ்சிப் பள்ளிக்கூடப் பிள்ளையே தன் ஊரைப் பற்றித் தப்பாகப் படிக்கும். நஷ்டம் ஊருக்கு.

சரியாக எழுதினாலோ படத்துக்கே மதிப்பு கூடும். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல் தூண்கள் செஞ்சியில் இருந்து கொண்டுபோனவை. அந்தச் சிலையின் படம் ஆயிரம் இருக்கும். "இந்தத் தூண்களின் சொந்த ஊர் செஞ்சி" என்ற வரியோடு, தூண் இழந்த கோவிலின் படத்தையும் பக்கத்தில் வைத்தால், அது ஒரு கட்டுரை!

அணையும் கோட்டையும்

மூன்றாவது கேள்வி, அடுத்த படம் எங்கே?

அமெரிக்காவில் 'லைஃப்' என்ற படப் பத்திரிகையின் முதல் இதழ் 1936 நவம்பர் 23-ந் தேதி வெளிவந்தது. அட்டையில் மார்கரெட் போர்க்-ஒயிட் என்ற பெண் எடுத்த படம். மொன்டானா மாநிலத்தில் கட்டிக்கொண்டிருந்த ஃபோர்ட் பெக் அணை. பிரமாண்டத் தூண்கள். பார்த்தால் கோட்டை என்றே நினைக்கத் தோன்றும்.

அணையை எடுத்து வா என்றுதான் அவரை அனுப்பினார்கள். அவர் அணையோடு நிற்கவில்லை. வேலைக்கு வந்த குடும்பங்கள் தங்கிய குடிசை ஊர்களுக்குப் போனார். சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் பாட்டம், மதுக்கடை, கடை மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை, எல்லாவற்றையும் எடுத்து வந்தார். ஆபீசில் அசந்துபோனார்கள். அணை அட்டைக்குப் போனது. உள்ளே முதல் கட்டுரையாக அந்த மனுஷர்களின் வாழ்க்கை போனது.

செஞ்சிக்கு வரும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. கோட்டையை எடுக்க வந்தவர் ஊரையும் எடுத்துப் போக வேண்டும். அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை மலை மாதிரி குவியும். அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போகும் கூட்டம் பஸ் நிலையத்தை நிரப்பும். சிறுகடம்பூரில் திருநாதர் குன்றுப் பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. இந்தக் கூட்டமும் மூட்டையும் இல்லாமல் வெறும் சுவரை மட்டும் 40 படம் எடுத்து அனுப்பினால், அது 40 படம் இல்லை. ஒரே படம் 40 தடவை!

வரிசைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தூரத்தில் இருந்து முழு ஊர். கொஞ்சம் கிட்டே வந்து ஒரு இடம். இன்னும் கிட்டே ஒரு முகம். கை வேலை செய்யும் ஒரு நெருக்கப் படம். இரண்டு பேர் பேசும் படம். கடைசியில் கதையை முடித்து வைக்கும் படம். இந்த ஆறும் கையில் இருந்தால் பக்கம் போடுகிறவர் தடுமாற மாட்டார்.

மனுஷரை எடுக்கும்போது மனுஷத்தனமும் வேண்டும். ஆடு மேய்க்கும் ஆயாவை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து எடுத்துக்கொண்டு ஓடுவது திறமை ஆகாது. "ஆயா, ஒரு போட்டா எடுத்துக்கிறேன், பத்திரிகையில வரும்" என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் சிரிப்பார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

பக்கத்து ஊருக்கு வந்தவர்

இதெல்லாம் அமெரிக்கச் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். பிரான்சின் புகழ்பெற்ற போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். செஞ்சியில் இருந்து 40 கிலோ மீட்டர்கூட இல்லை. ரமண மகரிஷியின் கடைசி நாட்களை அவருடைய காமிரா பதிவு செய்தது. ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு மகரிஷி காலமானார். அந்த நேரம் வானத்தில் ஒரு ஒளி மலையை நோக்கி நகர்ந்ததை அவரும் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் கையில் இருந்தது சின்ன லைக்கா காமிரா. பளிச் விளக்குப் போட்டுக் கூட்டத்தைக் கலைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

தான் எடுத்த படத்தின் ஓரத்தை யாரும் வெட்டக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. எடுக்கும்போதே ஓரம் வரை பார்த்துத்தான் எடுப்பார்.

கத்திரி

ஆனால் எல்லோருக்கும் அந்தச் சலுகை கிடைக்காது. பத்திரிகை ஆபீசில் கத்திரி உண்டு. முன்பு நிஜக் கத்திரி, பசை, அடிக்கோல். படத்தை வெட்டி ஒட்டி 'டம்மி' தயார் செய்து, பிளாக் எடுத்து அச்சுக்குக் கொடுத்தார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். கத்திரி மட்டும் மாறவில்லை!

டபிள்யூ.யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு கிராமத்து டாக்டரோடு 23 நாள் கூடவே இருந்து படம் எடுத்தார். 1948 செப்டம்பர் 20-ந் தேதி 'லைஃப்' பத்திரிகையில் அது வந்தது. படக் கட்டுரைக்கு உதாரணமாக இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். அதே ஸ்மித், ஆல்பர்ட் ஷ்வைட்சர் பற்றித் தான் எடுத்த படங்களைப் பத்திரிகை பக்கம் போட்ட விதம் பிடிக்காமல் 1954-ல் வேலையை விட்டுவிட்டார். அவ்வளவு பெரியவருக்கே அந்த நிலை. பக்கம் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு எடுத்தால், வெட்டுப்படும் படம் குறையும். மாணவர் டிசைன் படிக்க வேண்டிய காரணம் இதுதான்.

நம்ம மாநிலத்தில் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்த வேலை ரொம்பப் பழசு. சென்னை ராஜதானி அரசின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-ல் தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கம்ப்யூட்டர் இல்லை, பிலிம் சுருள்கூட இல்லாத காலம். படத்தை எங்கே வெட்டி எங்கே சேர்ப்பது என்று எடுப்பதற்கு முன்பே யோசித்திருந்தால்தான் அது நடந்திருக்கும்.

அனுமதி

செஞ்சிக் கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அந்தத் துறையின் சின்னங்களில் படம் எடுக்க இருந்த கட்டுப்பாடு 2018 ஜூலையில் தளர்ந்தது. சில இடங்களுக்கு மட்டும் விலக்கு. சாதாரணமாகக் கையில் பிடித்துப் படம் எடுப்பவரை யாரும் தடுப்பதில்லை. ஆனால் முக்காலி, விளக்கு, மாடல் பெண், டிரோன் என்று கிளம்பினால் கதை வேறு. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டும். வியாபாரப் படப்பிடிப்பு என்றால் கட்டணமும் உண்டு.

படத்துக்காகச் சுவரில் கிறுக்குவது, செங்கல்லைப் பெயர்ப்பது எல்லாம் குற்றம். 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது.

படம் யாருக்குச் சொந்தம்?

மாணவர்கள் கோட்டை விடும் பெரிய இடம் இது.

"தம்பி, நல்லா இருக்கு, அனுப்பி வை, போட்டுக்கிறோம்." இந்த ஒரு வார்த்தையில் மயங்கிப் படத்தை அனுப்பிவிடுகிறார்கள். படம் வரும். பெயர் வராது. பணமும் வராது. அடுத்த வாரம் அதே படம் இன்னொரு இடத்தில், வேறு யாரோ பெயரில்!

1957-ம் வருஷ காப்புரிமைச் சட்டம் இதற்கு வழி சொல்கிறது. நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுக்குத்தான் சொந்தம். பத்திரிகை பணம் பேசி, "இதை எடுத்துக் கொடு" என்று அனுப்பினால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமை அவர்களுக்குப் போகும். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கும் தனி விதி உண்டு. ஆகவே படத்தை அனுப்பும் முன், ஒரு தடவை போடவா, எத்தனை தடவையும் போடவா, எவ்வளவு தருவீர்கள் என்று நாலு வரி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இமெயிலே போதும். உரிமை யாருக்குப் போனாலும், "எடுத்தது நான்" என்று பெயர் கேட்கும் உரிமை எடுத்தவரிடமே நிற்கும். 2012-ம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு போட்டோவுக்கான பாதுகாப்பு, எடுத்தவர் ஆயுசு முழுக்க, அதற்கு மேல் 60 வருஷம்.

பெயரின் அருமை ஹோமாய் வியாரவாலாவைக் கேட்டால் தெரிந்திருக்கும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை போட்டோகிராபர். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. பின்னால் நாடே அவரை அறிந்தது. 2011-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. அடுத்த வருஷம் காலமானார்.

எங்கே படிப்பது?

சென்னை பெரியமேட்டில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிதான் மூத்தது. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. சென்னையில் 1856-ல் போட்டோ சங்கம் ஒன்றை ஏற்படுத்தியவரும் அவரே. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. சினிமாக் காமிரா பழக தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனம். போட்டோவுக்கு என்றே தனியாக ஊட்டியில் 'லைட் அண்ட் லைஃப்' அகாடமி. இது தவிர காட்சித் தொடர்பியல், அதாவது விஸ்காம், பல கல்லூரிகளில் இருக்கிறது.

சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. வருஷக் கடைசியில் கையில் ஒரு அச்சடித்த பத்திரிகை மாதிரி இருக்குமா, வெறும் சான்றிதழ் மட்டும்தானா? வேலைக்கு உதவுவது முதலாவது.

"பத்திரிகையே விற்கவில்லை, இதைப் படித்து என்ன லாபம்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாரா வாரம் வந்த 'லைஃப்' 1972-ல் நின்றது. இந்தியாவின் 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி' 1993-ல் நின்றது. தமிழிலும் கடையில் தொங்கும் இதழ்கள் முன்னைப்போல் இல்லை. வேலை சுருங்கித்தான் போனது. அதனால்தான் படம் மட்டும் எடுப்பவரைவிட, எடுத்து, பெயர் எழுதி, பக்கமும் போட்டு முழுசாகக் கொடுப்பவரைத் தேடுகிறார்கள். பதிப்பகம், சுற்றுலா மலர், கோவில் மலர், இணையதளம் எதுவானாலும் அந்த மூன்று கேள்வி மாறவில்லை.

செஞ்சிப் பையனுக்கும் பெண்ணுக்கும் இதில் ஒரு கூடுதல் வசதி. வெளியூர்க்காரர் ஒரு நாள் வந்து, ஒரு வெயிலில் எடுத்துவிட்டுப் போவார். உள்ளூர்க்காரர் மழைக்கு மறுநாள் காலையும் எடுக்கலாம். நெல் வரும் நாளிலும் எடுக்கலாம். அமாவாசையிலும் எடுக்கலாம். பெயரும் வழியும் அவருக்குத் தெரியும். ஆள் தெரியும்.

இந்தக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படை ஏழு வருஷத்துக்கு மேல் வெளியே காத்துக் கிடந்தது. ஒரு பத்திரிகைப் பக்கத்தைப் பிடிக்க அவ்வளவு காலம் வேண்டாம். தலைப்புக்கு இடம், சரியான பெயர், அடுத்த படம். அதோடு கையில் நாலு வரி ஒப்பந்தம். இந்த நாலோடு போனால் பக்கம் பிடிபடும். இல்லாவிட்டால் கோட்டை விட்ட கதைதான்!